தங்கம் எடுத்த ஊர்: நான் பிறந்த கோலார் தங்கவயலின் கதை



இந்த மலருக்கு ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரணும், தெரிஞ்ச வரலாறு ஏதாவது எழுதுங்கன்னு கூட்டத்துல சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. ராஜாக்கள் வரலாறு எல்லாம் எனக்கு மறந்து போச்சு. ஆனா ஒரு ஊர் எப்படி உண்டாச்சு, எப்படி ஓஞ்சு போச்சுன்னு கண்ணால பாத்திருக்கேன். அது நான் பிறந்த ஊர், கர்நாடகாவில் இருக்கிற கோலார் தங்கவயல். கே.ஜி.எப்.னு சொன்னா எல்லாருக்கும் சினிமா ஞாபகம்தான் வரும். நான் எழுதப்போறது சினிமா கதை இல்லை.

கல்யாணமாகி குத்துக்கல்வலசைக்கு வந்த புதுசுல என் மாமியார் கேலியா கேப்பாங்க. "ஏளா, உங்க ஊர்ல தங்கமா வெட்டுனாங்களாமே, நீ வரும்போது ஒரு பொட்டுத் தங்கம் எடுத்துட்டு வரக்கூடாதா?" நானும் சிரிச்சுக்குவேன். உண்மை என்னன்னா, நான் வரும்போது எங்க அம்மா காதில் தோடு கூடக் கிடையாது. வேப்பங்குச்சிதான் சொருகியிருந்தாங்க. அது ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

ஊர் உண்டான கதை

கோலார் பக்கம் மண்ணில் தங்கம் இருக்குன்னு ரொம்ப காலமாவே தெரியும். 1873-ல் லவேல் என்ற வெள்ளைக்கார சிப்பாய் மைசூர் அரசாங்கத்துக்கிட்ட தோண்ட அனுமதி கேட்டார். 1880-ல் ஜான் டெய்லர் என்ற இங்கிலாந்து கம்பெனி வந்த பிறகுதான் வேலை பெருசா நடந்தது.

அப்போ தோண்டுறதுக்கு யார் வந்தாங்கன்னு பார்க்கணும். 1876-லிருந்து 1878 வரைக்கும் தென்னாட்டையே வாட்டின தாது வருஷப் பஞ்சம் வந்திருந்தது. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கம் நிலம் இல்லாத கூலி ஜனங்கள், முக்கியமா சாதியில் கீழே வைக்கப்பட்டிருந்த ஜனங்கள், பிழைப்புத் தேடி அங்கே போனாங்க. எங்க தாத்தாவோட அப்பா அப்படிப் போனவர்தான். ஊர்ல பண்ணையார் முன்னாடி துண்டை இடுப்பில் கட்டணும், இங்கே மாசம் பிறந்தா கையில் காசு, அதனால உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சும் போனோம்னு தாத்தா சொல்வார்.

இன்னொரு விஷயத்தையும் பாருங்க. மேஸ்திரியா, மேலாளரா வந்த வெள்ளைக்காரங்களில் நிறைய பேர் இங்கிலாந்தில் கார்ன்வால் என்ற இடத்துக்காரங்க. அங்கே செம்பு, வெள்ளீயம் எடுக்கிற சுரங்கங்கள் நொடிச்சுப் போச்சு. ஊரில் பிழைப்பு இல்லாமத்தான் அவங்களும் கப்பல் ஏறி வந்தாங்க. மேலே நின்னவனும் கீழே இறங்கினவனும் ரெண்டு பேருமே சொந்த ஊரில் பிழைப்பு போனவங்கதான். ஆனா அவனுக்கு பங்களா, நமக்கு மூங்கில் தட்டி வீடு.

ஊர் உச்சத்தில் இருந்தப்போ

ஊரில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீப், ஊரிகம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டைன்னு பல பகுதி. ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை செஞ்சாங்க. 1902-லேயே காவிரியில் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு கரண்ட் வந்திருச்சு. பெங்களூருக்கே அதுக்கு மூணு வருஷம் கழிச்சுத்தான் தெருவிளக்கு எரிஞ்சது. பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ரயில் எல்லாம் வந்தது. கன்னட நாட்டுக்குள்ளே இருந்தாலும் தெருவில் கேக்கிறது முழுக்கத் தமிழ்தான்.

சுரங்கத்துக்குள்ளே எப்படி இருக்கும்னு சொல்றேன். சாம்பியன் ரீப் சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கும் மேலே ஆழம். நம்ம தென்காசி கோயில் கோபுரம் சுமார் 180 அடி. அந்த மாதிரி ஐம்பது கோபுரத்துக்கு மேல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா எவ்வளவோ அவ்வளவு ஆழம். கீழே பாறையோட சூடு 60 டிகிரிக்கு மேல். கூண்டு மாதிரி ஒரு லிப்ட் இருக்கும், கேஜ்னு சொல்வாங்க, அதில் நின்னுக்கிட்டே இறங்கணும். பாறை திடீர்னு வெடிக்கும். கீழே வெடிச்சா மேலே எங்க வீட்டு அலமாரியில் பாத்திரம் குலுங்கும். அந்த நேரம் தெருவில் ஒரு பொம்பளையும் பேச மாட்டாங்க. எல்லாரும் வாசல்ல வந்து நிப்பாங்க. இன்னைக்கு ஷிப்டில் யாருன்னு மனசுக்குள்ளே எண்ணுவாங்க. கல்தூசி நுரையீரலில் படிஞ்சு வர்ற சிலிகோசிஸ் நோயும் எங்க ஊரில் சாதாரணம். பீடித்தூள் வாசத்தில் உக்காந்து இருமுற அக்காமாருக்கு இது புரியும்.

உரிமை எதுவும் சும்மா கிடைக்கலை. 1930-ல் தொழிலாளிங்க எல்லாரும் கைரேகை வைக்கணும்னு கம்பெனி சொன்னப்போ, நாங்க என்ன குற்றவாளியான்னு கேட்டு எல்லாரும் வேலையை நிறுத்தினாங்க. 1946 நவம்பர் 4-ம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளிங்க செத்துப்போனாங்க.

சரிவு ஒரு நாளில் வரலை

சுரங்கம் 2001-ல் மூடினாங்கன்னு ஒரு வரியில் சொல்லிடலாம். ஆனா சரிவு அதுக்கு ஐம்பது வருஷம் முன்னாலேயே ஆரம்பிச்சிருச்சு.

காரணம் இதுதான். ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லை உடைச்சா 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைச்சதாம். நம்ம கணக்கில் அஞ்சு பவுனுக்கு மேல். கடைசிக் காலத்தில் ஒரு டன்னுக்கு சுமார் 3 கிராம், அரைப் பவுன் கூட இல்லை. தோண்டத் தோண்ட ஆழம் கூடுது. ஆழம் கூடினா காத்து அனுப்ப, தண்ணி இறைக்க, ஆளை இறக்க எல்லாத்துக்கும் செலவு கூடுது. கிடைக்கிற தங்கம் மட்டும் குறையுது.

1956-ல் மைசூர் அரசாங்கம் சுரங்கத்தை எடுத்துக்கிட்டது. 1962-ல் மத்திய அரசுக்குப் போச்சு. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பேரில் அரசு கம்பெனி ஆச்சு. ஒவ்வொரு தடவை பேர் மாறும்போதும் இனிமே நல்லா ஆயிடும்னு ஜனங்க நம்பினாங்க. ஆனா ஆளெடுப்பு வருஷா வருஷம் குறைஞ்சது. ஓய்வு பெறுகிறவங்க இடத்துக்கு ஆள் போடலை. 1992-ல் நலிஞ்ச கம்பெனிகளைப் பார்க்கிற வாரியத்துக்கிட்ட இந்தக் கம்பெனி கணக்கும் போச்சு. 2000-ல் மூடிடலாம்னு அந்த வாரியம் சொல்லிருச்சு. 2001 பிப்ரவரி 28-ம் தேதியோட வேலை நின்னது.

120 வருஷத்தில் அந்த மண்ணிலிருந்து எடுத்த தங்கம் சுமார் 800 டன். பவுன் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 10 கோடி பவுன் வருது.

எங்க வீட்டில்

அப்போ நான் ஏழாவது படிச்சேன். எங்க ஊரில் மணி பாக்கிற பழக்கம் கிடையாது. ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும். சங்கு கேட்டா உலை வைக்கணும், சங்கு கேட்டா பள்ளிக்கூடம் கிளம்பணும். மறுநாள் காலையில் சங்கு ஊதலை. அம்மா அரிசியைக் களைஞ்சு வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க. அப்பா வழக்கம்போல எழுந்து குளிச்சு, சட்டை போட்டு, வாசல் திண்ணையில் வந்து உக்காந்தார். எங்கேயும் போகலை. அன்னைக்கு மட்டுமில்லை, ரொம்ப நாள் அப்படித்தான்.

மூடினப்போ மூவாயிரம் பேருக்கு மேல் வேலை போச்சு. ஆனா அது மட்டும் கணக்கு இல்லை. சம்பளத்தை நம்பி மளிகைக்கடை வச்சவங்க, தையல்காரர், பால்காரர், டியூசன் எடுத்தவங்க எல்லாருக்கும் பிழைப்பு போச்சு. கம்பெனி ஆஸ்பத்திரியும் மூடியாச்சு. குடியிருந்த வீடும் கம்பெனி வீடு, அதுவும் போயிருமோன்னு பயம். வேலை, வீடு, தண்ணி, மருந்து எல்லாமே ஒரே இடத்திலிருந்து வந்தா, அந்த ஒண்ணு நின்னதும் எல்லாம் நிக்குது.

வேலை முடிப்புத் தொகைன்னு அப்பாவுக்கு மொத்தமா ஒரு பணம் வந்தது. அவ்வளவு பணத்தை எங்க வீட்டில் யாரும் ஒண்ணா பார்த்ததில்லை. ஒரு அக்கா கல்யாணம், பழைய கடன், சொந்தக்காரர் ஒருத்தர் கூட்டுத் தொழில்னு சொல்லி வாங்கினது. ரெண்டு வருஷத்தில் ஒண்ணும் இல்லை. அப்பா குடிக்கிறவர் இல்லை, ஊதாரி இல்லை. மாசச் சம்பளத்தில் வாழத் தெரிஞ்சவருக்கு மொத்தப் பணத்தை வச்சுக்க யாரும் சொல்லித் தரலை, அவ்வளவுதான். எங்க தெருவில் நிறைய வீட்டில் இதே கதை.

அதுக்கப்புறம் குடும்பத்தைத் தூக்கினது பொம்பளைங்கதான். அம்மா ஊதுபத்தி உருட்டினாங்க. ஆயிரம் உருட்டினா இவ்வளவுன்னு கூலி. நான் பத்தாவது முடிச்சப்போ மேலே படிக்கணும்னு ஆசை. கேட்கவே இல்லை. கேட்டா அம்மா எப்படியாவது சரின்னு சொல்லியிருப்பாங்க, அதனால கேட்கலை. ரெண்டு வருஷம் வீட்டில் இருந்து அம்மாவோட ஊதுபத்தி உருட்டிக்கிட்டே தையல் கத்துக்கிட்டேன்.

அம்மா ஒரு பொம்பளைக்கிட்ட நூத்துக்குப் பத்து வட்டிக்கு வாங்கினாங்க. அதைக் கட்ட தோட்டை அடகு வச்சாங்க. திருப்பவே முடியலை. பத்துக் கோடி பவுன் எடுத்த ஊரில் எங்க தெருப் பொம்பளைங்க காதில் வேப்பங்குச்சி. இதை நினைச்சா இப்பவும் தொண்டை அடைக்கும்.

பதினெட்டு வயசானதும் நானும் ரயில் ஏறினேன். மாரிக்குப்பத்திலிருந்து விடியிறதுக்கு முன்னாடி பெங்களூருக்கு ரயில் கிளம்பும். சுமார் 100 கிலோமீட்டர். அந்த ரயிலில் ஊரே உக்காந்திருக்கும். ஆபீஸ் கூட்டுற அக்கா, காவலாளி வேலைக்குப் போற அண்ணன், கட்டட வேலைக்காரங்க, என்னை மாதிரி கார்மெண்ட்ஸ் பிள்ளைங்க. வெயில் முகத்தில் படுறதுக்கு முன்னாடி போய், இருட்டினப்புறம் வருவோம். அரசாங்க வேலைக்குப் போகணும்னா கன்னடம் வேணும், நாங்க படிச்சது தமிழ். அதனால படிச்ச பிள்ளைகளும் அதே ரயிலில்தான். எங்க ஊர் பகலில் தூங்குற ஊராகிப் போச்சு. கிழவங்களும் சின்னப் பிள்ளைகளும்தான் இருப்பாங்க.

ஊரைச் சுத்தி மண்மேடுகள் இருக்கு. கல்லை அரைச்சு, சயனைடு போட்டு தங்கத்தைப் பிரிச்ச பிறகு கொட்டின மண். சைனைடு மேடுன்னு சொல்வோம். புல்லு கூட ஒழுங்கா முளைக்காது. காத்து அடிச்சா அந்தத் தூசி வீட்டுக்குள்ளே வந்து சோத்துப் பானை மேலே படியும். தங்கம் எங்கெங்கேயோ போச்சு, மண்ணு மட்டும் எங்களுக்கு மிஞ்சுச்சு.

மறுபடி திறப்பாங்கன்னு பேச்சு மட்டும் நிக்கலை. 2013-ல் உச்சநீதிமன்றம் ஏலம் விடலாம்னு சொன்னது. 2024-ல் அந்த 13 மண்மேட்டில் மிச்சத் தங்கம் எடுக்கிற திட்டத்துக்கு கர்நாடக அரசு ஒத்துக்கிட்டதுன்னு செய்தி வந்தது. ஒவ்வொரு செய்திக்கும் அப்பா பேப்பரை மடிச்சு சட்டைப்பையில் வச்சுக்குவார். இருபது வருஷத்துக்கு மேல அவர் காத்திருந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். சுரங்கம் மூடினது ஒரு கஷ்டம்னா, திறக்கும் திறக்கும்னு நம்பி வேற எதையும் தொடங்காம இருந்தது இன்னொரு கஷ்டம்.

நம்ம ஊருக்கு இதில் என்ன இருக்கு

இவரும் அப்போ பெங்களூரில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். அப்படித்தான் பழக்கம், அப்புறம் பெரியவங்க பேசி 2010-ல் கல்யாணம். குத்துக்கல்வலசை வந்து இறங்கினப்போ சாரல் காலம். இவ்வளவு பச்சையை நான் பார்த்ததே இல்லை. இங்கே பிழைப்புக்கு என்ன குறைன்னு நினைச்சேன்.

மறுநாள் காலையில் பார்த்தா வாசலுக்கு வாசல் பொம்பளைங்க சொளவை மடியில் வச்சு பீடி சுத்துறாங்க. இலை வெட்டி, தூள் வச்சு, சுருட்டி, நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி. எனக்கு எங்க அம்மா ஊதுபத்தி உருட்டினது அப்படியே கண்ணுக்கு முன்னாடி வந்தது.

பீடியைக் குறை சொல்லலை. இந்த ஜில்லாவில் எத்தனையோ பெண் பிள்ளைகளைப் படிக்க வச்சதும், கட்டிக் கொடுத்ததும் பீடிதான். 1966-ல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது, 1976-ல் நல நிதிச் சட்டம் வந்தது. அதனாலதான் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, வீடு கட்ட மானியம் எல்லாம் கிடைச்சது. ஆனா 2008 அக்டோபர் 2-லிருந்து பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாதுன்னு ஆச்சு. அடுத்த வருஷம் கட்டு மேலே எச்சரிக்கைப் படம் வந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது. உடம்புக்குக் கெட்டதை ஜனங்க விடுறது நல்லதுதான், நம்ம பிள்ளைங்க குடிக்கணும்னு நாம நினைப்போமா? ஆனா சுத்துற கைக்கு வேற வேலை எங்கேன்னு யாரும் சேர்த்துச் சொல்லலை. முன்னே வாரம் முழுக்க இலை கொடுத்த இடத்தில் இப்போ நாளைக் குறைச்சுக் கொடுக்காங்க. அன்னைக்கு எங்க ஊரில் ஓய்வு பெற்றவங்க இடத்துக்கு ஆள் போடாம விட்டது எனக்கு ஞாபகம் வருது. சரிவு சத்தம் போட்டு வராது.

பக்கத்து திருநெல்வேலி ஜில்லாவில் மாஞ்சோலையைப் பாருங்க. 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம். குத்தகை 2028-ல் முடியுது. 2024-லேயே தொழிலாளிகளுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து முடிச்சுட்டாங்க. தலைமுறை தலைமுறையா மலையில் இருந்தவங்க கீழே இறங்கி எங்கே போறதுன்னு நின்னாங்க. டிவியில் பார்த்தப்போ திண்ணையில் உக்காந்த எங்க அப்பா மாதிரியே இருந்தாங்க.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1984-ல் நிலக்கரிச் சுரங்கங்களை மூடப் போறோம்னு சொன்னதும் தொழிலாளிங்க ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. அப்போ அவங்க வீட்டுப் பெண்கள் ஊர் ஊரா குழு சேர்ந்து பொதுச் சமையல் போட்டு குடும்பங்களைக் காப்பாத்தினாங்க. போராட்டம் தோத்துப் போச்சு, சுரங்கங்கள் மூடியாச்சு. ஆனா அதுவரைக்கும் வீட்டுக்குள்ளே இருந்த பெண்கள் மேடையில் பேசவும் கணக்குப் பார்க்கவும் கத்துக்கிட்டாங்க.

எங்க தெருவுக்கு அப்படி ஒரு குழு இருந்திருந்தா எங்க அம்மா நூத்துக்குப் பத்து வட்டிக்குப் போயிருக்க மாட்டாங்க. தமிழ்நாட்டில் 1989-ல் தர்மபுரியில் சுய உதவிக் குழு தொடங்கினாங்க. நம்ம குழுவில் நான் சேர்ந்தப்போ முதல் கூட்டத்தில் என்னை என்ன வேணும்னு கேட்டாங்க. தையல் மிஷின்னு சொன்னேன். ஜாமீன் கேட்கலை, நகை கேட்கலை. பன்னிரண்டு பேர் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு ரொம்ப நேரம் அழுதேன். முதல் கடன் அடைச்ச பிறகு, தைச்சு மிச்சம் பிடிச்ச காசில் அம்மாவுக்கு ஒரு கிராமில் தோடு வாங்கிக் கொடுத்தேன். தங்கவயலுக்கு நான் எடுத்துட்டுப் போன தங்கம் அது.

ஒரு விஷயம் சொல்றேன், கோபப்படாதீங்க. சில வருஷம் முன்னாடி எங்க குழுவில் வங்கிக் கடன் வந்தப்போ, எல்லாருமா சேர்ந்து குற்றாலம் சீசனுக்குக் கடை போடலாம்னு பேச்சு வந்தது. நான் ஒருத்தி வேண்டாம்னு சொன்னேன். எதுக்கெடுத்தாலும் தடை சொல்றான்னு ரெண்டு அக்கா என்கிட்ட பேசலை. கடைசியில் நாலு பேர் சீசன் கடை, மூணு பேர் மாடு, மத்தவங்க தையல், மசாலாப்பொடி, இட்லி மாவுன்னு பிரிச்சு எடுத்தோம். 2020-ல் கொரோனா வந்து அருவியில் குளிக்கத் தடை போட்டாங்க. சீசன் கடை படுத்துச்சு. பால் ஓடிச்சு, மாவு ஓடிச்சு. கடை போட்ட நாலு பேர் தவணையை மத்த எட்டுப் பேர் சேர்ந்து தாங்கினோம். பேசாத அக்கா ரெண்டு பேரும் அந்த நாலு பேரில் இருந்தாங்க. இப்போ எங்களுக்குள்ளே நல்லாத்தான் இருக்கு.

முடிவாக

என் பிறந்த ஊர் எனக்குக் கத்துக் கொடுத்ததை நாலு வரியில் எழுதுறேன்.

ஒரே தொழிலை ஊரே நம்பி இருக்கக் கூடாது. நல்லா நடக்கும்போதே அடுத்ததைக் கத்துக்கணும்.

இலை குறையுது, வேலை நாள் குறையுதுன்னா அதை வீட்டுக்குள்ளே புலம்பாம கூட்டத்தில் பேசி, புத்தகத்தில் எழுதி வைக்கணும்.

மொத்தமா பணம் வந்தா தனியா முடிவு எடுக்கக் கூடாது. நாலு பேர்கிட்ட கேட்கணும்.

பெண் பிள்ளை படிப்பைப் பாதியில் நிறுத்தக் கூடாது. அவ கேட்கலைன்னாலும் நாமளா கேட்கணும், மேலே படிக்கிறியான்னு.

என் மக இப்போ ஒன்பதாவது படிக்கிறா. போன லீவுக்கு தங்கவயல் போனோம். பழைய சுரங்கத்தின் இரும்புக் கோபுரத்தைக் காட்டி, தாத்தா இது வழியாத்தான் இறங்கினார்னு சொன்னேன். "அப்போ மேலே இருந்தவங்க என்னம்மா செஞ்சாங்க?"ன்னு கேட்டா. மேலே இருந்தது நாங்க, பொம்பளைங்க. உலை வச்சுக்கிட்டு சங்குச் சத்தத்துக்குக் காத்திருந்தோம்னு சொன்னேன்.

நம்ம பிள்ளைங்க நாளைக்கு இதே கேள்வியை நம்மகிட்ட கேட்டா, நாங்க கூட்டம் போட்டோம், சேமிச்சோம், வேற தொழில் படிச்சோம்னு சொல்ற மாதிரி இருக்கணும்.

எழுதினதில் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.